பகலில் உறங்குகிறவர்களுக்காக: எங்கள் ஊர் வண்ணக்கர்மாருக்கும் கழகத் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்க் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கும், பரிபாலன சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பெரிய வீதியை ஒட்டிய நம் ஊரில், கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு நெல் ஆலையில் பதினொரு வருடமாக மெஷின் ஒப்பரேட்டர். அதில் ஏழு வருடம் இரவு வேலை. சாதாரண நாளில் இரவு பத்து மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு இறங்குவேன். பெரும்போக வெள்ளாமை வெட்டும் காலத்தில் மாலை ஆறு மணிக்கே போக வேண்டும், மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் விடுவார்கள்.

உங்களிடம் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை எட்டரை மணியிலிருந்து மத்தியானம் ஒன்றரை மணி வரை, பூசை நேரம் தவிர, ஊருக்குள் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். ஐந்து மணித்தியாலம். அந்த ஐந்து மணித்தியாலம்தான் எங்களுக்கு இரவு.

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஆலையில் என்ன வேலை என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் மெஷின் தானே ஓடும், நீ பக்கத்தில் கதிரையில் இருக்கலாம்தானே என்பார்கள். அப்படி இல்லை. நெல் குழிக்குள் விழுந்து எலிவேட்டர் வாளிகளில் மேலே ஏறும். முதலில் தூசும் வைக்கோலும் கழியும், பிறகு கல் கழியும், அதன் பிறகு ரப்பர் உருளைகளுக்கு வரும். இரண்டு உருளைகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக, வேறு வேறு வேகத்தில் சுழலும். அந்த இடைவெளியில் நெல் போகும்போது உமி உரியும். இடைவெளி ஒரு மயிரளவு கூடினால் உமி உரியாது, குறைந்தால் அரிசி உடைந்து குறுணலாகும். உரிந்த உமியைக் காற்றாடி இழுத்துக்கொண்டுபோய், நெல் அவிக்க ஆவி தரும் பொயிலர் பக்கம் கொட்டும். அரிசி பொலிஷருக்குப் போய்த் தவிடு நீங்கி, கடைசியில் கறுத்த மணிகளைப் பொறுக்கித் தள்ளும் மெஷினுக்கு வரும். இவ்வளவும் நிற்காமல் ஓடும். எங்கே அடைக்கிறது, எந்த பெல்ட் வழுக்குகிறது, எந்தப் பேரிங் காய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்து அறிவதை விடக் காதால் கேட்டு அறிவதுதான் கூட. எலிவேட்டர் அடைக்கப் போகிறதென்றால் அதற்கு முன்பே அதன் சத்தம் கனத்துவிடும். பழகிய காது அதை அந்த இரைச்சலுக்குள்ளும் பிரித்தெடுக்கும். நித்திரை இல்லாத காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும்.

ஏன் இரவில் செய்ய வேண்டும், பகலில் செய்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட்டால் நேரத்துக்கு அவித்தாக வேண்டும். கிடந்தால் புளித்து நாறும், அந்த வாடை சோறு வரைக்கும் வரும். அவித்ததை உடனே உலர்த்த வேண்டும். இடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. கல்லோயா ஆற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லெல்லாம் மாசி, பங்குனியில் ஒரே நேரத்தில் வெட்டுப்பட்டு லொறி லொறியாக வந்து நிற்கும்போது இரவு பகல் பார்க்க வழியில்லை. மற்றது கரண்ட். எங்கள் ஆலை போன்றவற்றுக்கு மின் கட்டணம் நேரத்தைப் பொறுத்து மாறும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை உச்சத்தில் நிற்கும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் ஆகக் குறைவு. ஊர் விளக்கணைத்துப் படுத்த பிறகு கரண்ட் மலிகிறது, நாங்கள் எழுந்து போகிறோம்.

காலை ஆறு மணிக்கு இறங்கி மோட்டார் சைக்கிளில் வருவேன். கல்முனை தாண்டி, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. வலப்பக்கம் கடல். வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் இடையே சூரியன் நேரே கண்ணுக்குள் அடிக்கும். எங்களுக்குப் பெரிய சத்துரு அந்த வெளிச்சம்தான். மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்த மூன்று பேருக்கு 2017 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெயில் கண்ணில் பட்டதும், விடிந்துவிட்டது எழும்பு என்று அது உடம்புக்குச் சொல்லிவிடும். நானோ அப்போதுதான் படுக்கப் போகிறேன். அதனால்தான் காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன். ஒழுங்கையில் நிற்கும் பெடியன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். இனிமேல் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படி உடம்புக்கு எதிராகப் படுக்கும் நித்திரை இரவு நித்திரை போல் ஆழமாக இருக்காது. சின்னச் சத்தத்துக்கும் உடையும். உடைந்தால் திரும்பச் சேராது. எவ்வளவு களைத்திருந்தாலும் நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் பகலில் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆலையில் என்னோடு வேலை செய்யும் நாலு பேரும் இதையே சொல்கிறார்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே ஜன்னலைச் சாத்திவிட்டு ஒருவர் பத்து நிமிடம் படுத்துப் பார்க்கட்டும். நான் ஜன்னலில் ஈரச்சாக்குக் கட்டிப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்தேன், கடையில் விற்கும் ரப்பர் அடைப்பானும் வைத்தேன். பிள்ளைகளின் பேச்சையும் கோழியின் சத்தத்தையும் அவை மறைக்கும். தென்னை மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் சத்தத்தை மறைக்காது. அது காதால் மட்டும் வருவதில்லை, சுவரிலும் கட்டிலிலும் அதிர்ந்து வரும்.

சரி, இனி அம்மன் கோயிலில் வருடா வருடம் நடக்கும் சடங்குக்கு வருகிறேன்.

நான் அம்மன் பிள்ளை. சின்ன வயதில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்திச் சடங்குக்கு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போய், விடிய விடியக் காவியம் படிக்கும் பெரியவரின் குரலைக் கேட்டபடி அம்மாவின் மடியில் கண்ணயர்ந்தவன். வைகாசி வந்தால் இன்றும் என் வீட்டிலிருந்து படையல் பொருட்களோடு மடைப்பெட்டி போகும். கோயில் வரி ஒரு வருடமும் பாக்கி வைத்ததில்லை. ஆகையால் இவன் கோயிலுக்கு எதிராகப் பேசுகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பூசை வேளையில் மணியும் பறையும் ஒலிக்கட்டும். அந்தச் சத்தத்தில் விழித்தால் படுத்தபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். என்னை வாட்டுவது பூசைக்கும் பூசைக்கும் இடையில், கோயிலில் ஒருவரும் இல்லாத நேரத்தில், எட்டுத் திசைக்கும் திருப்பிய ஸ்பீக்கர்களில் ஓடும் பாட்டு. போன சடங்கின்போது நான் ஒரு நாள் தாங்க முடியாமல் எழும்பிப் போய்ப் பார்த்தேன். காலை பத்தரை மணி. வளவுக்குள் ஒரு நாயும், நிழலில் சாய்ந்து உறங்கும் சவுண்ட்ஸ்காரத் தம்பியும்தான் இருந்தார்கள். அவனும் இரவெல்லாம் விழித்தவன். அவனை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சடங்கின் ஐந்தாம் இரவு ஆலையில் நடந்ததை இதுவரை வீட்டிலும் முழுதாகச் சொல்லவில்லை. அதற்கு முந்திய நாலு நாளும் சேர்த்து நான் தூங்கியது பத்து மணித்தியாலம்கூட இருக்காது. விடியற்காலை நாலு மணி இருக்கும். உடம்பின் வெப்பம் ஆகக் குறைந்து, கண் தானாக மூடும் நேரம் அது. நித்திரை நல்லாக இருந்தால்கூட அந்த ஒரு மணித்தியாலத்தைத் தள்ளுவது கஷ்டம். எலிவேட்டர் அடைத்தது. அதன் சத்தம் கனத்ததை நான் கேட்கவில்லை, நெல் வழிந்து காலில் கொட்டியபோதுதான் தெரிந்தது. அடைத்தால் முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும், பிறகு கீழ்க்கதவைத் திறந்து கையை விட வேண்டும். புதிதாக வருகிற பெடியன்களுக்கு முதல் நாள் நானே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. அன்று நான் கதவைத் திறந்து கையை விட்டேன். சுவிட்சை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு நின்ற தம்பி கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தான். நடுவிரலில் நகம் மட்டும் போயிற்று. அரை வினாடி பிந்தியிருந்தால் எது மிஞ்சியிருக்கும் என்று தெரியாது.

பிழை என்னுடையது. கோயில் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பிழையைச் செய்த மூளை எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவருடைய கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 24 மணித்தியாலம் என்றால் 0.1 வீதம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கர் சத்தத்தில் எழும்பி உட்கார்ந்தவனுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணியோடு 17 மணித்தியாலம் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மெஷினோடு நிற்க வேண்டும், பிறகு பாடசாலைப் பிள்ளைகள் போகும் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வர வேண்டும். நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் சடங்குக் காலத்தில் குடித்தவனைப் போலத்தான் அந்த வீதியில் வருகிறேன்.

பொயிலர் அடியில் நிற்பவரின் பொறுப்பு என்னுடையதை விடப் பெரிது. அவர் பார்க்க வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தை. தண்ணீர் கீழே இறங்கிக் குழாய்கள் வெறுமையாகக் காய்ந்து சிவந்துவிட்டால், பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடக் கூடாது. விட்டால் அந்த இடத்திலேயே ஆவியாகிப் பொயிலரையே பிளந்துவிடும். நெருப்பை எடுத்து, ஆற விட வேண்டும். இதை நினைவில் வைத்துச் செய்வதற்குத் தெளிந்த தலை வேண்டும். ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது நடுச்சாமத்தில். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது இரவு 1.23 மணிக்கு. அவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு, நித்திரையை மட்டும் சொல்ல முடியாது. ஆனாலும் இரவில் மெஷின் பார்க்கிறவன் அந்த மணி நேரங்களை வாசிக்கும்போது நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

உடம்புக்கு வருவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், உடம்பின் கடிகாரத்தைக் குழப்பும் ஷிப்ட் வேலையை, புற்றுநோயை அனேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007 இல் வைத்தது. 2019 இல் திரும்ப ஆராய்ந்தபோதும் அங்கேதான் வைத்தது. நம் நாட்டுச் சட்டமும் இரவு வேலையின் பாரத்தை அறியாததல்ல. ஆலைகளில் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதென்றால் மாதத்தில் 10 இரவுக்கு மேல் வைக்கக் கூடாது, ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1984 இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து நாள் எல்லை எங்களைப் போன்ற ஆண்களுக்கு இல்லை. ஷிப்டை எப்படி மாற்றுவது, இரவில் ஓய்வு எவ்வளவு என்பதெல்லாம் முதலாளியிடம் கேட்க வேண்டியவை. அதை அங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரிடம் கேட்க வேண்டியதை ஊரிடம் கேட்கிறேன்.

2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி பற்றி ஒரு தீர்ப்புக் கொடுத்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மக்கள் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அது. நம் ஊரிலும் பெரும்பாலும் அதை மதிக்கிறோம், பத்து மணி நெருங்கும்போதே பாட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன். ஊர் அமைதியாவதை வீதியில் கேட்டுக்கொண்டே போவேன்.

நான் ஒருவன் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பாருங்கள். கல்முனையிலும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் இரவுக் கடமை முடித்து வரும் தாதிப் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். கொழும்பு இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்து மத்தியானம் படுத்து, பின்னேரம் திரும்பவும் பஸ் எடுக்கும் அண்ணன் இருக்கிறார். அவருடைய பஸ்ஸில்தான் நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். இரவில் வாவியில் வலை போடுகிறவர்கள், பேக்கரியில் சாமத்தில் மா பிசைகிறவர்கள், காவலாளிகள். காலையில் நாம் சாப்பிடும் பாணும் மீனும் இவர்கள் கண் விழித்ததால் வந்தவை. பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து எங்கள் ஆலைக்கு வரும் நானா ஒருவரும் அவருடைய ஊரில் இதைப் பேச இருக்கிறார். பாங்கு சில நிமிடத்தில் முடிந்துவிடும் மச்சான், அதனால் எவனுக்கும் நித்திரை கெடாது, நாள் முழுக்க ஓடும் கலியாண வீட்டு ஸ்பீக்கர்தான் ஆளைக் கொல்கிறது என்றார்.

கழகத் தம்பிமாரே, உங்கள் சுற்றுப்போட்டிக்கும் இதே கோரிக்கைதான். விளையாடுங்கள். நானும் ஒரு காலத்தில் அந்த மைதானத்தில் பந்து போட்டவன். நேர்முக வர்ணனை மைதானத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டால் போதும். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பிக் கட்டுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். முடிந்தால் போட்டிகளை இரண்டு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். மத்தியான வெயிலும் உங்களுக்குக் குறையும்.

மரண அறிவித்தலுக்கு நேரம் காலம் கிடையாது. அதற்கு நாங்களே எழும்பி வருவோம்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நடக்கும் நாட்களில் பிள்ளைகளுக்காக நாம் சத்தத்தைக் குறைத்திருக்கிறோம். அதற்கு முன்னாலும் நம் ஊருக்கு இந்தப் பழக்கம் இருந்தது. என் அப்பா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்தவர். நெல் முற்றும் காலத்தில் வட்டைக்குப் போய்ப் பரணில் ஏறி யானைக் காவல் இருப்பார். பந்தம் கொளுத்தி, தகரம் தட்டி, விடிய விடியக் கூவுவார்கள். காலையில் தோணியில் வாவியைக் கடந்து வந்து திண்ணையில் படுத்தால், அம்மா எங்களை வளவை விட்டே துரத்திவிடுவாள். பக்கத்து வீட்டு மாமி உலக்கை போடமாட்டார். "காவலுக்குப் போன மனிசன் படுத்திருக்கிறார்" என்று ஒழுங்கையில் போகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். பகலில் படுத்திருக்கிறார் என்று அப்பாவை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. எனக்கு அந்தச் சொல் கிடைத்திருக்கிறது. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "இன்னும் படுக்கையா?" என்று என் மனைவியிடம் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. அன்று மிச்ச நித்திரையும் போயிற்று.

இப்போது என் மனைவிதான் என் நித்திரைக்குக் காவல். குக்கர் விசிலுக்குப் பயந்து பருப்பைச் சட்டியில் அவிக்கிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், யாரும் சொல்லாமலே, தன் கொப்பி அட்டையைக் கிழித்து "அப்பா நித்திரை" என்று எழுதிப் படலையில் கட்டிவிட்டாள். மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த மீன்காரர் அதை வாசித்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையின் திருப்பத்திலேயே ஹோர்னை நிறுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, மெல்லக் குரல் கொடுத்து விற்கிறார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் தம்பியும் அந்த இடத்தில் பாட்டை நிறுத்துகிறான். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வைகாசிச் சடங்குக்கான கூட்டம் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நேரம்தான். அதனால்தான் எங்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்ததில்லை, எங்கள் கஷ்டமும் அங்கே பேசப்பட்டதில்லை. இம்முறை அதைப் பின்னேரம் ஐந்து மணிக்கு மாற்றித் தாருங்கள். நானும், தாதிப் பிள்ளைகளில் இரண்டு பேரும், பஸ் ஓட்டும் அண்ணனும் வருகிறோம். சவுண்ட்ஸ்காரத் தம்பியையும் கூப்பிடுங்கள். எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
இரவு வேலைக்குப் போகும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன்